கடைசியில் வர்றவங்கதான் கணக்கு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

விஷயம் இதுதான். 1994-இல் என்னிடம் எட்டாவது படித்த செட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பத்து வருஷமாக என்னையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் பவர் டேபிள் நடத்துகிறான். ஒருத்தி செக்கிங்கில் சூப்பர்வைசர். ஒருத்தன் டையிங், ஒருத்தன் லாரி புக்கிங். எல்லாருக்கும் நாற்பத்தைந்து வயது நெருங்குகிறது. போன வாரம் குழுவில் ஒரு திட்டம் வந்தது. நீலகிரியில் முக்கூர்த்தி தேசியப் பூங்காப் பக்கம் ஒரு நாள் மலை நடை. குடும்பத்தோடு பதினாலு பேர். 'சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிச்சிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு டெம்போ டிராவலர்ல ஏறுறோம். விடிய ஊட்டி. காலைல நடை. சாயங்காலம் இறங்கி ராத்திரிக்கே வீடு. திங்கக்கிழமை கம்பெனி. ரீல்ஸ்ல பார்த்தேன், மீடியம் ட்ரெக்தான். டீச்சர், நீங்களும் வாங்க.'

நான் பதில் போட்டேன்: 'நான் வரவில்லை. இந்தத் திட்டத்தில் நீங்கள் போவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை.'

ஒரு மணி நேரம் குழுவில் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தன், 'டீச்சர் இன்னும் பிரம்பைக் கீழ வைக்கல' என்று சிரிப்பு பொம்மையோடு போட்டான். இன்னொருத்தி தனியாகக் கூப்பிட்டு, 'வருஷம் பூரா ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறோம், ஒரு நாள் சந்தோஷமா போலாம்னா நீங்களே இப்படிச் சொல்றீங்களே டீச்சர்' என்று வருத்தப்பட்டாள். அவள் குரல் இரண்டு நாளாக மனதில் நிற்கிறது. அதனால்தான் குழுவில் நாலு வரியில் சொல்லாமல் இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறேன். உங்களில் பலரும் இப்போது மலைக்குப் போகிறீர்கள். வெள்ளியங்கிரி, கொடைக்கானல், வால்பாறை என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்டஸ் முழுக்க மலைதான்.

முதலில் ஒன்று. போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஓவர்லாக் மிஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, பஞ்சுத்தூசியை மூச்சாக இழுக்கிறவர்கள் போகாமல் வேறு யார் மலைக்குப் போவது? கோடைக்கு ஊட்டி பங்களாவில் தங்குகிறவர்களை விட அந்தக் காற்று உங்களுக்குத்தான் அதிகம் தேவை. முக்கூர்த்திப் பக்கம் மலைச்சரிவெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் குட்டை குட்டையாகச் சோலைக்காடு. சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு. அதிர்ஷ்டம் இருந்தால் நம் மாநில விலங்கான வரையாடு. அந்த ஆட்டைக் காப்பாற்றத்தான் 78 சதுர கிலோமீட்டர் இடத்தை 1990-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தோடர்களுக்கு முக்கூர்த்தி மலை புனிதமானது. இதையெல்லாம் உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் படம் காட்டி நான் எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்!

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். ஒரு மலை நடை சுலபமா, நடுத்தரமா, கஷ்டமா என்பதைப் பாதை மட்டும் முடிவு செய்வதில்லை. கூட்டத்தில் கடைசியாக நடக்கிறவர் முடிவு செய்கிறார். அவரை வைத்துத் திட்டம் போட்டால் அது நல்ல நாள். முன்னால் ஓடுகிறவனை வைத்துப் போட்டால் எப்போதாவது ஒரு நாள் விபரீதம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தப்பிலிருந்து சொல்கிறேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளியிலிருந்து கோத்தகிரிப் பக்கம் சுற்றுலா கூட்டிப் போனோம். நாற்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். ஒரு சோலைக்குள் நடை. எனக்கு அப்போது நல்ல கால். துறுதுறுப்பான பையன்களோடு முன்னால் போய்விட்டேன். 'சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க' என்று திரும்பித் திரும்பிக் கத்தியதுதான் நான் செய்த மேற்பார்வை. பின்னால் வர வேண்டிய ஆசிரியரும் மூச்சு வாங்குகிறது என்று நடுவில் சேர்ந்துவிட்டார். மதியம் பஸ்ஸுக்கு வந்து எண்ணினால் முப்பத்தொன்பது.

அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. ஊர்க்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே திரும்பப் போனோம். ஒன்றரை மணி நேரம். ஒரு பாறை மேல், பிய்ந்துபோன செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் நடுக்கம். மெல்லிசான பருத்திப் பாவாடை சட்டை, பனியில் ஊறிப்போயிருந்தது. அவள் அழவில்லை. அழுதது நான்தான். 'ஏன் கண்ணு கூப்பிடல?' என்று கேட்டேன். 'நீங்க சீக்கிரம் வரச் சொன்னீங்க டீச்சர். செருப்பு அந்துபோச்சுன்னு சொன்னா திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்' என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரி போகும் பிள்ளை இருக்கிறான். இந்தப் பதிவையும் அவள் படிப்பாள். எழுதட்டுமா என்று கேட்டேன். 'பேரு மட்டும் போடாதீங்க டீச்சர்' என்றாள். அன்று பக்கத்தில் காட்டுமாடு வரவில்லை, மழை பெய்யவில்லை, இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டோம். மூன்றும் அதிர்ஷ்டம். என் திறமை அதில் ஒன்றுமே இல்லை. பின்தங்குகிறவர் தானாக வாய் திறந்து சொல்ல மாட்டார் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். குழந்தைதான் என்று இல்லை, பெரியவர்களும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பதினாலு பேரில் ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வைத்தது என்று எனக்கே தெரியும். 'என்னால முடியல' என்று நண்பர்கள் முன்னால், மனைவி முன்னால் அவர்கள் சொல்வார்களா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார்களே தவிர சொல்ல மாட்டார்கள்.

குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம். சென்னையிலிருந்து ஒரு குழு, நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு. கோடையில் காய்ந்து நின்ற புல்லில் தீ பரவி, காற்று அதை விரட்ட, 23 உயிர் போனது. அந்த வாரம் நம் ஊரில் எந்தக் கடையில் நின்றாலும் இதே பேச்சு. 'இவங்களை யாரு அங்க போகச் சொன்னது' என்று பலர் பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. வார லீவில் இயற்கையைப் பார்க்கப் போன பிள்ளைகள் அவர்கள். ஆனால் அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை, அடுத்து போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதுதான். இந்த மாதத்தில் அந்த மலையில் புல் காய்ந்திருக்குமா? உள்ளே போக அனுமதி உண்டா? கூட வருகிறவருக்கு அந்தக் காடு தெரியுமா? ஆபத்து என்றால் எந்தப் பக்கம் இறங்குவது?

அந்த ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகள் கொண்டு வந்தது. பிறகு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறை வழியாக 40 பாதைகளை, 14 மாவட்டங்களில், ஆன்லைனில் முன்பதிவு செய்து போகிற மாதிரித் திறந்தார்கள். மலையடிவாரத்து மக்களுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாகக் கூட அனுப்புகிறார்கள். பாதைகளை எளிது, மிதமானது, கடினம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பாதை அந்த மூன்றில் எதில் வருகிறது என்று அங்கே பாருங்கள். ரீல்ஸ் போட்ட பையன் 'மீடியம்' என்று சொன்னது அவன் காலுக்கு. இருபத்திரண்டு வயசுக் கால் அது.

குழுவில் ஒருத்தன் கட்டணம் அதிகம் என்றான். 'எனக்குத் தெரிஞ்ச லோக்கல் ஆளு இருக்காரு டீச்சர், ஐந்நூறு ரூபாய் கொடுத்தா உள்ள கூட்டிட்டுப் போயிடுவாரு' என்றும் சொன்னான். இதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நாலு பேர் உள்ள டெய்லர் குடும்பத்துக்கு அந்தக் கட்டணம் கனம்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாரக்கூலிக் குடும்பங்களுக்கும் சலுகை கொடுக்க வேண்டும் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். காடு எல்லாருக்கும் பொது. காசு இருக்கிறவன் மட்டும் வரையாட்டைப் பார்ப்பது நியாயம் இல்லை. ஆனால் அதற்குப் பதில் திருட்டுத்தனமாக நுழைவது இல்லை. நீங்கள் உள்ளே இருப்பது வனத்துறைக்கே தெரியாவிட்டால், நீங்கள் திரும்பி வராததும் அவர்களுக்குத் தெரியாது. தேட யார் வருவார்கள்? அந்த ஐந்நூறு ரூபாய் ஆள் முதலில் ஓடுவார். தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் போனால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். கட்டணம் கனம் என்றால் இந்த வருஷம் ஒரு சுலபமான பாதை, அடுத்த வருஷம் சேர்த்து வைத்து முக்கூர்த்திப் பக்கம் போங்கள். மலை எங்கேயும் ஓடிப்போகாது.

இனி கணக்குக்கு வருகிறேன். கணக்கு டீச்சர் கணக்கு போடாமல் விடுவேனா?

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு விதி சொன்னார். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் கூட்ட வேண்டும். ஒரு உதாரணம் எடுப்போம். போக வர 10 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 500 மீட்டர். நடைக்கு 2 மணி நேரம், ஏற்றத்துக்கு 50 நிமிஷம். ஆக 2 மணி 50 நிமிஷம். 'அவ்வளவுதானா டீச்சர்!' என்பீர்கள். பொறுங்கள். இது நிற்காமல் நடக்கும் பழக்கப்பட்ட காலுக்கு. நாம் மிஷின் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். கூடப் பிள்ளைகள், பெரியவர்கள். அதனால் ஒன்றரை மடங்கு போடுங்கள். 4 மணி 15 நிமிஷம். கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட, மூச்சு வாங்க, ஃபோட்டோ எடுக்க இரண்டு மணி நேரம். மொத்தம் 6 மணி 15 நிமிஷம்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டேகாலுக்குத் திரும்பிவிடலாம். நல்லது. அதே கூட்டம் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, வழியில் இரண்டு டீ, ஒரு வாந்தி, பல் விளக்க இடம் தேடி, பத்தரைக்குக் கிளம்பினால் முடிவதற்கு நாலே முக்கால். மலையில் மதியத்துக்கு மேல் மூட்டம் எப்போது வேண்டுமானாலும் இறங்கும். மார்கழி, தையில் ஆறு மணிக்குப் பொழுது விழுந்துவிடும். ஒரே ஒரு கால் சுளுக்கினால் போதும், இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷிப்மென்ட் போடுகிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? தூத்துக்குடியில் கப்பல் இன்ன தேதி என்றால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணி அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங், துணி வரும் தேதி வரைக்கும் குறிக்கிறீர்கள். எந்தப் பிரிவு மெதுவோ அதற்குத்தான் நாள் கூடக் கொடுக்கிறீர்கள். மலைக்கும் அதே கணக்குத்தான். வீட்டுக்கு வர வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எண்ணினால் ஒரு நேரம் கிடைக்கும். அதுதான் திரும்பும் நேரம். எட்டுக்குக் கிளம்பினால் பதினொன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். 'இன்னும் பத்து நிமிஷம்தான், உச்சி தெரியுது' என்று ஒருத்தன் சொல்வான். ஒவ்வொரு வகுப்பிலும் அப்படி ஒருத்தன் உண்டு. அவன் பேச்சைக் கேட்காதீர்கள். வழிகாட்டி திரும்பச் சொன்னால் அதற்கு மேல் பேச்சே இல்லை.

நடக்கும் வரிசையும் முக்கியம். மெதுவாக நடக்கிறவரை வழிகாட்டிக்கு அடுத்து, இரண்டாவதாக விடுங்கள். எல்லாரும் அவர் வேகத்தில் வருவார்கள். நல்ல கால் உள்ள ஒருத்தர் கடைசியில். அவரைத் தாண்டி யாரும் பின்னால் நிற்கக் கூடாது. நின்று காத்திருந்த இடத்தில் பின்னால் வந்தவர் சேர்ந்த உடனே கிளம்பிவிடாதீர்கள். அவருக்கும் மூச்சு வாங்க ஐந்து நிமிஷம் வேண்டும். எப்போதும் முன்னால் போகிறவர்களுக்குத்தான் ஓய்வு கிடைக்கிறது, களைத்தவருக்குக் கிடைப்பதில்லை. வகுப்பிலும் அப்படித்தான் நடக்கும். கெட்டிக்காரன் கணக்கை முடித்துவிட்டான் என்று நான் அடுத்த கணக்குக்குப் போய்விட்ட நாட்கள் உண்டு. அதற்கும் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உடுப்பு பற்றி. நம்ம ஊர்ச் சரக்கை நானே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மலைக்குப் பருத்திப் பனியன் ஆகாது. வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது, காற்று அடித்தால் உடம்புச் சூட்டை எல்லாம் இழுத்துவிடும். திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். நீங்கள் போகும் இடம் 2,000 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறரை டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும். ஆக இங்கே 30 டிகிரி என்றால் அங்கே 19-க்கும் கீழே. அதில் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் குளிரும். தை மாதத்தில் ஊட்டிப் பக்கம் உறைபனியே விழும். உள்ளே பாலியெஸ்டர் டி-சர்ட், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேலே மழை, காற்று புகாத ஒரு ஜாக்கெட். நம் கம்பெனிகளே இப்போது ஸ்போர்ட்ஸ் டி-சர்ட் தைக்கிறதே, செகண்ட்ஸில் வாங்கினாலும் போதும். பழகிய ஷூ. புது ஷூவை மலையில் கல்யாணம் பண்ணாதீர்கள், காலைக் கடிக்கும். செருப்பு வேண்டவே வேண்டாம். ஏன் என்று மேலே எழுதிவிட்டேன்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சர்க்கரைக்காரர் மாத்திரையும் மிட்டாயும் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும். மனைவி பையில் இருந்து, மனைவி அரை மைல் முன்னால் போனால் என்ன பயன்? ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் பேர் கொடுக்க வேண்டும். புளிசாதம், தயிர்சாதம் தூக்குப்போசியில். சிந்தாமல், இலை, கவர் போடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். வாயில்லாத வரையாடு உங்கள் சிப்ஸ் கவரைத் தின்றுவிடும்.

மழைக்காலத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. நம் திருப்பூருக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் வழக்கமாக அவ்வளவு பெய்யாது. கோடையில் காட்டுத்தீ காலத்தில் வனத்துறையே பாதைகளை மூடிவிடும். மூடினால் 'நமக்கு மட்டும்' என்று சிபாரிசு தேடாதீர்கள். மூடியிருப்பது குரங்கணியில் போன உயிர்கள் நமக்குச் சொன்ன பாடம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பயம் தருவது மலையும் இல்லை, காட்டுமாடும் இல்லை. அந்த டெம்போ டிராவலர்தான். சனிக்கிழமை முழுக்க வேலை பார்த்த ஒருத்தன் ராத்திரியெல்லாம் ஓட்டி, பகலெல்லாம் நடந்து, மறுபடியும் இருட்டில் மூட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கப் போகிறான் என்கிறீர்கள். 'நம்ம பையன்தான் டீச்சர், நல்லா ஓட்டுவான்' என்றீர்கள். நல்லா ஓட்டுகிறவனுக்கும் தூக்கம் வரும். ஓட்டுகிறவர் தனி ஆளாக இருக்கட்டும். அவர் நடக்க வேண்டாம். நீங்கள் நடக்கிற நேரத்தில் அவர் தூங்கட்டும்.

அதனால் நான் சொல்வது: சனிக்கிழமை மதியமே கிளம்புங்கள். கோத்தகிரியிலோ ஊட்டியிலோ சின்ன அறை எடுத்து ராத்திரி தூங்குங்கள். விடிந்து நடங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மலைப்பாதையை இறங்கிவிடுங்கள். அரை நாள் சம்பளம் போகும் என்று எனக்குத் தெரியும். பீஸ் ரேட்டில் இருக்கிறவர்களுக்கு அது சின்னக் காசு இல்லை. பவர் டேபிள் வைத்திருக்கிறவன் அந்தச் செட்டிலேயே இருக்கிறானே, அவன் தன் ஆட்களுக்கு அந்த அரை நாளைக் கொடுக்கட்டும். மூன்று பிரியாணி குறைத்தால் அறை வாடகை வரும். சம்பளம் போடுகிற நாளில் யோசித்தால் அரை நாள் பெரிதாகத்தான் தெரியும். கூட்டத்தில் ஒருத்தரைக் காணோம் என்று பனியில் பேர் சொல்லிக் கத்துகிற ஒன்றரை மணி நேரத்தில் யோசித்துப் பாருங்கள். நான் யோசித்திருக்கிறேன்.

இதில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சென்னிமலைக்கு வாருங்கள். பஸ்ஸில் மேலே போகக் கூடாது. 1,320 படி. பேசிக்கொண்டே ஏற வேண்டும். பேச முடியாமல் மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பதினாலு பேரும் வர வேண்டும், பிள்ளைகளும்தான். கடைசி ஆள் மேலே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை எழுதி வைத்துக்கொள்வோம். அதுதான் உங்கள் கூட்டத்தின் வேகம். அதை வைத்து எந்தப் பாதை என்று முடிவு செய்யுங்கள். கடைசி ஆள் யாரோ என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். அறுபத்தாறு வயசில், வலது முட்டி வலியோடு நானும் ஏறப்போகிறேன். அநேகமாக அந்தப் பெருமை எனக்குத்தான்.

நீலகிரிக்கு நான் வரவில்லை. எனக்கு வீட்டில் வேலை இருக்கிறது. கிளம்புகிற பதினாலு பேரின் பெயர், வண்டி எண், பாதை, வழிகாட்டியின் ஃபோன் நம்பர், திரும்பும் நேரம் எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது, பரவாயில்லை. கீழே இறங்கி எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் செய்யுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் பார்ப்பேன். வரவில்லை என்றால் வனத்துறைக்கு நான் பேசுவேன். அன்று பஸ் அருகில் எண்ணினேனே, அதே மாதிரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணுவேன். எனக்கு 'வந்துட்டோம்' என்ற வார்த்தை போதாது. பதினாலு என்ற எண்ணைச் சொல்ல வேண்டும்.

நேற்று ராத்திரி குழுவில் ஒருத்தன், 'சரிங்க டீச்சர், சென்னிமலை எந்த ஞாயிறு?' என்று கேட்டிருக்கிறான். பிரம்பு என்று எழுதினானே, அவன்தான். இன்னும் பதில் போடவில்லை. எந்த ஞாயிறு எல்லாருக்கும் தோது என்று பதினாலு பேரும் கீழே எழுதுங்கள். ஒருத்தர் விட்டுப்போனாலும் தேதி குறிக்க மாட்டேன்.

வாழ்க வளமுடன்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்